அந்த வரியில் விடுபட்டது

ஜனவரி 8

தம்பிக்கு,

என் வேலைக்கு உலை வைத்தது நீதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடியும். நலமா? உன் மனைவிக்கு வாந்தி குறைந்ததா? மூன்றாவது மாதம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்.

நேற்று நிர்வாக அதிகாரி எங்கள் ஐந்து பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்து வைக்கும் எங்கள் மெஷின் அறைக்கு இனி ஐந்து ஆள் வேண்டாமாம், ஒரு ஆள் போதுமாம். பழைய மென்பொருள் போகிறது, கன்டெய்னர் என்று ஒன்று வருகிறது. ஏப்ரலுக்குள் அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்த ஒரு நாற்காலி. மற்ற நாலு பேருக்கு நன்றிக் கடிதம். அவர் மேஜையில் உங்கள் கம்பெனி கொடுத்த அறிக்கை கிடந்தது. தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். பதினாறு வருஷமாக மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவள். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, தொட்டால் யாருடையதையோ தொடுவது போல. நாற்பத்து மூன்று வயதில் என்னை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

நீ செய்ததற்கு நீயே வழி சொல். அந்தக் கன்டெய்னரை முதலிலிருந்து எனக்குக் கற்றுக்கொடு. போனில் வேண்டாம். நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "அக்கா, இது ஆபீஸ் போன், எல்லாம் பதிவாகுது" என்கிறாய். காகிதத்தில் எழுது. மெஷின் அறை வாசலில் போனை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள், உள்ளே இணையமும் கிடையாது. காகிதத்தை இன்னும் யாரும் தடுக்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி குறையில்லை. வேலை விஷயம் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். வாந்தி குறைந்திருக்கிறது. நீயும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து என்னுடையதுதான். எண்ணிக்கை என்னுடையதல்ல. மேலிருந்து 'ஒன்று' என்று வந்தது, அதற்குக் காரணம் சொல்லிப் பதினான்கு பக்கம் எழுதுவது என் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்பதை அட்டை போட்ட பிறகுதான் கவனித்தேன்.

ஒன்றைத் தெரிந்துகொள். ஒப்பந்தக் கம்பெனி ஆள் ஆஸ்பத்திரி ஆளுக்குத் தனியாக உதவக் கூடாது. தெரிந்தால் அன்றே என்னை வெளியே அனுப்புவார்கள். எங்கள் தளத்திலேயே பாதி நாற்காலி காலி. நாம் அக்கா தம்பி என்பது அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்.

இனி பாடம். ஒரு மென்பொருள் ஓட அதற்குப் பல துணைகள் வேண்டும். அந்த மெஷினில் இருக்கும், இந்த மெஷினில் இருக்காது. அதனால்தான் "என் மெஷினில் ஓடியதே" என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். மென்பொருளையும் அதன் துணைகளையும் ஒன்றாகக் கட்டி உறைய வைத்தால் அது இமேஜ். அந்த இமேஜை எழுப்பி ஓடவிட்டால் அது கன்டெய்னர். ஒரே இமேஜிலிருந்து பத்துக் கன்டெய்னர் எழுப்பலாம். சமையல் குறிப்பு ஒன்று, அதை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் சமைக்கலாம் இல்லையா, அதுபோல.

உங்கள் பயிற்சி மெஷினில் எங்கள் ஆள் சில இமேஜ்களைப் போட்டு வைத்திருப்பார். 'ரன்' என்று அடித்து, வணக்கம் சொல்லும் சின்ன இமேஜின் பெயரைக் கொடு. என்ன நடந்தது என்று எழுது.

தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை வாசிக்கவில்லை.

சமையல் உதாரணம் இனி வேண்டாம். மெஷினோடு பதினாறு வருஷம் மாரடித்தவளுக்கு அடுப்பைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டுமா?

நீ சொன்னபடி ரன் அடித்தேன். ஒரு வணக்கம் சொன்னது, செத்துப்போனது. அவ்வளவுதான். இதற்காகவா ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

பக்கத்தில் சட்டம் நின்றிருந்தார். எங்கள் ஐந்து பேரில் மூத்தவர். எதற்கெடுத்தாலும் 'சட்டப்படி' என்பதால் எல்லோருக்கும் அவர் சட்டம்தான். "என்னம்மா, வணக்கம் சொல்லிட்டுப் போயிருச்சா? சட்டப்படி அதுக்கும் நன்றிக் கடிதம் குடுத்திருப்பாங்க" என்றார். ஐந்து பேரும் சிரித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போட்டியாளர்கள் அல்லவா? முன்பெல்லாம் டீ வாங்கி வருகிறவர் ஐந்து டம்ளர் கொண்டுவருவார். இப்போது அவரவர் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வருகிறோம்.

அந்தக் கன்டெய்னர் எங்கே போனது? பட்டியல் கேட்டால் வெறுமையாக இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்றை எப்படி எழுப்புவது? பதிலுக்கு மாசக்கணக்கு ஆக்காதே.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நலம். குளிர் அதிகம். அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

செத்த கன்டெய்னர் எங்கும் போகவில்லை. சும்மா பட்டியல் கேட்டால் ஓடுவதை மட்டும் காட்டும். 'எல்லாம்' என்று சேர்த்துக் கேள், நின்றுபோனவையும் வரும். அது வணக்கம் சொல்வதற்கென்று எழுப்பப்பட்டது. சொல்லி முடித்ததும் நின்றுவிட்டது. முடியாத வேலை உள்ள இமேஜை எழுப்பினால் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னணியில் ஓட 'டி' சேர். வெளியிலிருந்து அதோடு பேச வேண்டும் என்றால் கதவு திறக்க வேண்டும். அதற்குப் போர்ட் எண் கொடு: மெஷினின் எண் முன்னால், கன்டெய்னரின் எண் பின்னால். மாற்றிப் போட்டால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வாய். நான் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று உண்டு, பெரியது. கன்டெய்னருக்குள் எழுதப்படுவது கன்டெய்னரோடு சேர்ந்து அழிந்துவிடும். அழியாமல் வெளியே தங்க ஓர் இடம் கட்டித்தர வேண்டும். அதற்கு வால்யூம் என்று பெயர். அவசரமாக எழுதுகிற விஷயம் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மட்டும் நிதானமாக எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

உடம்புக்குக் குறையில்லை. அம்மா மாத்திரையைப் போடுகிறாள், போட்டதை மறந்து மறுபடி கேட்கிறாள். டப்பாவை என் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். உன் மனைவிக்கு எப்படி இருக்கிறது?

எழுப்பிவிட்டேன். ஒரு பக்கம் காட்டும் சின்ன மென்பொருள். பக்கத்து மெஷினிலிருந்து போர்ட் எண்ணைப் போட்டதும் வந்து நின்றது. எத்தனையோ வருஷம் கழித்து ஒன்றைப் புதிதாகத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நீ சொன்ன 'எல்லாம்' பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. செத்தது முப்பத்தொன்று கிடக்கிறது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மார்ச்சுவரி மாதிரி வச்சிருக்கீங்க? சுத்தமா வேலை செய்யுறவங்களுக்குத்தான் சீட்டு" என்றார். ஒவ்வொன்றாக அழித்தேன், அரை மணி நேரம். எழுப்பும்போதே இதற்கு ஒரு வழி செய்ய முடியாதா?

வால்யூம் பற்றி எழுதுகிறேன் என்றாய். எழுது. மற்ற நாலு பேரும் இதுவரை கதவு திறக்கும் இடத்திலேயே நிற்கிறார்கள். நான் முந்திவிட்டேன். சந்தோஷமாக இல்லை, ஆனாலும் எழுது.

அக்கா

ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஏழு வாரம் ஆகிறது. கடிதம் இல்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறாள், காலில் வலி என்று ராத்திரி புலம்புகிறாள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சாதிக்கிறாள்.

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஐந்து பேருக்கும் வைத்த பரீட்சையில் நான் முதல். ஏப்ரல் 27, திங்கட்கிழமையிலிருந்து புறநோயாளிகளின் ரத்த முடிவுகள் முழுவதும் புதிய முறையில்தான். ஓட்டப்போவது நான். எழுத்தர் கவுன்டரில் பெயரைப் பதிவதிலிருந்து, முடிவு அச்சாகி வெளியே போவது வரை எல்லாம் அதற்குள்தான். காகிதப் பதிவேட்டை அன்றோடு நிறுத்துகிறார்கள்.

இது பயிற்சி இல்லை. நானாக ஒன்றைச் சேர்க்கவோ குறைக்கவோ விரும்பவில்லை. முடிவுகளைச் சேர்த்து வைக்கும் கன்டெய்னரை எழுப்பும் வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதி அனுப்பு. வால்யூம் எல்லாம் சேர்த்து முழு வரி. அப்படியே அட்டையில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் வேலை. கண் எரிகிறது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ முதலாக வந்ததில் ஆச்சரியமில்லை.

நீ கேட்ட முழு வரி தனிக் காகிதத்தில் இருக்கிறது, பெரிய எழுத்தில். ரன், பின்னணிக்கு டி, பெயர், போர்ட், பாஸ்வேர்டு, இமேஜ். செத்தவை சேர்ந்து திட்டு வாங்கினாய் அல்லவா? அதற்கு 'ஆர்எம்' சேர்த்திருக்கிறேன். கன்டெய்னரை நிறுத்தியதும் தானே துடைத்துவிடும். இனி உன் பட்டியல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

எழுத்துப் பிழை இல்லாமல் அடி. ஓடும். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையில் கிடைத்தே ஆக வேண்டும் என்பதால். ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். நீங்கள் நலமா? ஏழாவது மாதம், அவளைப் படி ஏற விடாதே.

ஓடுகிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உன் வரியை அடித்தேன். ஒரு நாளைக்குச் சராசரி நூறு பேர். ஒரு முடிவுகூடத் தவறவில்லை. நாற்காலி எனக்கு என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். மற்ற நாலு பேருக்கும் வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்தார்கள். சட்டம் தன் மேஜையைத் துடைத்தார், இனி யாரும் உட்காரப்போகாத மேஜையை. போகும்போது, "சட்டப்படி உங்களுக்கு வாழ்த்துச் சொல்லணும்" என்றார். சொல்லவில்லை. அறையில் இப்போது நானும் ஏசி சத்தமும்தான்.

கேட்க வந்தது இதுதான். மே 7, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தி மெமரி சேர்க்கிறார்கள். நான் கன்டெய்னரை நிறுத்த வேண்டும், பிறகு அதே வரியில் எழுப்ப வேண்டும். உன் வரியைப் பத்து முறை படித்தேன். வால்யூம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீ போட்டிருப்பாய். இருந்தாலும் கேட்கிறேன்: நிறுத்தலாமா? ஒரே வரி பதில் போதும். காகிதம் வந்து சேராது என்று தோன்றினால் போன் செய். பதிவானால் ஆகட்டும், "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடு.

அக்கா

மே 8

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் மே 2 கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. எங்கள் கட்டடத்தில் தபால் கீழேயே தங்கிவிடுகிறது.

முன்பு எழுத நினைத்த வால்யூம் விஷயத்தை இப்போது எழுதுகிறேன். கன்டெய்னரை எழுப்பும் முன் 'வால்யூம் கிரியேட்' என்று அடித்து ஒரு பெயர் கொடு. ரன் வரியில் 'வி' போட்டு அந்தப் பெயரையும், கன்டெய்னருக்குள் தரவு எழுதப்படும் இடத்தையும் நடுவில் முக்கால்புள்ளி வைத்து இணை. இனி கன்டெய்னரை நிறுத்தினாலும் அழித்தாலும் புதிய பதிப்பில் எழுப்பினாலும் தரவு அசையாது. சோதித்துப் பார்ப்பது எளிது: ஒரு பெயரைப் பதி, கன்டெய்னரை அழி, மறுபடி எழுப்பு, பெயர் இருக்கிறதா பார். நிஜத் தரவை ஏற்றும் முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது.

ஏப்ரலில் நான் அனுப்பியது பயிற்சிக்கான வரி என்பது உனக்குப் புரிந்திருக்கும். நிஜ வேலைக்கு ஆர்எம் போடுவது வழக்கமில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பார்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் இருக்காது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நிறுத்தினேன். முந்தின நாள் உனக்கு மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பதில் வராவிட்டால் சரி என்று அர்த்தம், உன் விஷயத்தில் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெமரி போட்டு முடித்தார்கள். உன் வரியை அடித்தேன். எழுந்தது. திறந்து பார்த்தேன், ஒரு பெயர்கூட இல்லை. அன்று பிறந்தது மாதிரி சுத்தமாக இருந்தது.

பத்து நாள் பதிவு. ஆயிரத்துச் சொச்சம் பேர். முடிவு வாங்கிப் போனவர்கள் தப்பினார்கள். மிச்சப் பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வந்து வரிசையில் நின்று மறுபடி கையை நீட்டினார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு கவுன்டரில் "சிஸ்டம் கோளாறு" என்று பதில். மேலே போன அறிக்கையில் "சிறு தடங்கல், நோயாளிகளுக்குப் பாதிப்பில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியவர் இதுவரை வரிசையில் நின்றவரில்லை.

விசாரணையில் மேற்பார்வையாளர் அட்டையைப் பிய்த்துக் காட்டி, "இந்த வரியை யார் குடுத்தது?" என்றார். நான் எழுதினேன் என்றேன். அட்டையில் இருப்பது என் கையெழுத்துதானே? எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மெஷினை ஓட்ட ஆளில்லை, நாலு பேரைத்தான் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களே.

ஒப்புகை அட்டை வந்து சேர்ந்தது. மே 5, செவ்வாய்க்கிழமை என்று தேதி போட்டு நீ வாங்கியிருக்கிறாய். கையெழுத்துக்குக் கீழே வழக்கமாகப் போடும் கோடும் இருக்கிறது. இதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. புதன்கிழமை மாலை சோதித்த ஒரு ரத்தத்தில் பொட்டாசியம் ஆறே முக்காலுக்கு மேல். எந்த நேரமும் இதயம் நின்றுவிடும் அளவு. அப்படி வந்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு அவசரப் பட்டியல் அச்சாகும், உடனே போன் செய்து வரவழைப்பார்கள். வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பட்டியல் வெள்ளைத் தாளாக வந்தது. லேப் மெஷினின் நினைவில் குழாயின் எண் மட்டும் இருக்கிறது: 4417. அது யார், எங்கே இருக்கிறார், போன் எண் என்ன என்பதெல்லாம் அந்தக் கன்டெய்னருக்குள்தான் இருந்தது. பதிமூன்று நாளாக ஆள் வரவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து பென்டிரைவோடு வரும் ஆள் நேற்று என் காதில் சொன்னார். "அக்கா, நகல் இருக்கு. தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழு மெஷினையும் தனி லைன்ல எங்க பக்கம் இழுத்துக்குறோம். அறுபது நாள் வச்சிருந்து அழிச்சிருவோம். ஆனா அதைத் திறக்குற அதிகாரம் ஆளைக் குறைக்கச் சொல்லி அறிக்கை எழுதுனவருக்குத்தான்." ஆஸ்பத்திரி எழுதிக் கேட்டதற்கு உங்கள் கம்பெனி, சோதனைக் காலத்தில் நகலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பதில் போட்டிருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை.

மே 7 விடிகாலை நகலில் 4417 இருக்கும். பார்த்துச் சொல். உன் பெயர் எங்கும் வராது.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

பெண் குழந்தை, ஒரு மாதம் முன்னதாகவே. இரண்டேகால் கிலோ. தாயும் சேயும் நலம். அம்மாவிடம் போனில் சொன்னேன், அழுதாள். குழந்தை பகலில் தூங்கி இரவில் விழிக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை.

உன் வேலை நிலைத்ததில் நிம்மதி. அடுத்த மாதம் புதிய பதிப்பு இமேஜ் வரும். வால்யூம் சரியாக இணைத்திருந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

இங்கே நிலைமை சரியில்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதுகூடப் பதிவாகிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன். அம்மா குழந்தையைப் பார்க்க வர வேண்டும் என்கிறாள். முழங்காலோடு இவ்வளவு தூரம் வேண்டாம் என்று நீயே எடுத்துச் சொல்.

தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

குழந்தைக்கு என் ஆசி. தாய்க்கு ஓய்வு கொடு. அம்மாவிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அவன் சொன்னானா, நீ சொல்றியா?" என்றாள். நான்தான் என்றேன். இப்போதெல்லாம் இந்தப் பதில் எனக்குச் சுலபமாக வருகிறது.

தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை புறநோயாளி வரிசையில் நின்று எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, சம்பளமும் இல்லை. பத்துப் பேர் சீட்டை நீட்டுவார்கள். 4471 இருக்கும், 4407 இருக்கும். எழுத்துத் தெரியாத ஒரு பெரியவர் மூன்று நாளாக ஒரே சீட்டோடு வருகிறார், தான்தான் அந்த ஆள் என்று நம்புகிறார். இல்லை ஐயா என்றால், "பாத்துச் சொல்லுங்கம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்கிறார்.

ரத்தம் எடுக்கும் பெண்ணை நாங்கள் ஊசி என்போம். அந்தப் புதன்கிழமைக் குழாய்களின் வரிசையைக் காட்டிக் காட்டிக் கேட்டதில் அவளுக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். "கையெல்லாம் சிமெண்ட் காஞ்சு கெடந்துச்சுக்கா. நரம்பே கெடைக்கல, ரெண்டு தடவ குத்திட்டேன். மன்னிச்சிருங்கன்னேன். பரவால்லம்மா, எனக்குத் தெரியவே இல்லன்னாரு. கால்ல செருப்புப் போட்டாக்கூடத் தெரியறதில்ல, அதான் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கன்னு சிரிச்சாரு." முகம் அவளுக்கு ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு நூறு கையைப் பார்க்கிறவள் அவள்.

நானும் ஊசியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிறோம். இதுவரை ஒன்பது இடம். மேஸ்திரிகள், "இந்த மாசம் வர்றவன் அடுத்த மாசம் இருக்க மாட்டான், யாரைன்னு சொல்றது?" என்கிறார்கள். சிமெண்ட் காயாத கை ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு இடத்தில் போன மாதம் சாரத்தில் உட்கார்ந்தபடியே ஒருவர் செத்தார் என்றார்கள். ஊர் பெயர் தெரியாதாம், யாரோ வந்து எடுத்துப் போனார்களாம். அவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அங்கே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

உன் வேலை போகும் என்கிறாய். போகட்டும் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தில்தான் ஜனவரியிலிருந்து நாம் இருவரும் எல்லாவற்றையும் செய்திருக்கிறோம். நாலு பேர் வெளியே போனார்கள். ஆயிரம் பேர் இரண்டு முறை கையை நீட்டினார்கள். பதினான்கு பக்க அறிக்கையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. உன் கடிதங்களை யாரிடமும் காட்டவில்லை, இனியும் காட்ட மாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை என் கடிதத்தை வாங்கிவிட்டு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்றும் சாகும்வரை கேட்க மாட்டேன்.

ஜூலை 6 அன்று அறுபது நாள் முடிகிறது. அன்று இரவு அந்த நகலையும் அழிப்பீர்கள். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் நானும் ஊசியும் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவோம். இல்லையென்றால் என்ன நடந்தது என்று அந்த வீட்டுக்காரர்களிடம் நானே போய்ச் சொல்வேன், என் பெயரில்.

மே 7 நகலைத் திற. 4417. அந்த மனிதரின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பு.

அக்கா